கும்பகோணம் ராமானுஜன் இல்லம்

கணிதமேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920) சிறுவயதில் வளர்ந்த வீடு கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ளது. 2003 ஆம் ஆண்டு முதல் இது நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ராமானுஜன் பிறந்தது இந்த வீட்டில்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவர் பிறந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கப்படி அம்மா கோமளத்தம்மாள் அங்கே சென்றிருந்தார். குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயதானபோது கும்பகோணம் திரும்பினார். ஆகவே இது பிறந்த வீடு அல்ல, வளர்ந்த வீடு. அவருடைய கணக்கு எப்படி உருவானது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இந்த வீடுதான் முக்கியம்.

உலகெங்கும் பேசப்படும் அவருடைய குறிப்பேடுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருக்கின்றன; அவை எப்படி வந்தன என்ற வழிமுறை பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விக்குப் புத்தகங்களில் விளக்கம் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டின் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த விளக்கம் மனத்தில் பதிகிறது. அதற்காகவே இந்த வீட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

அமைவிடம்

கும்பகோணம் தஞ்சாவூருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், மயிலாடுதுறை – தஞ்சாவூர் இருப்புப் பாதையில் அமைந்துள்ள ஊர். ரயிலடியிலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் ஆட்டோவில் சில நிமிடங்களில் சாரங்கபாணி கோயிலை அடையலாம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இக்கோயிலுக்குப் பதினொரு நிலை ராஜகோபுரம் உண்டு. கோபுர வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே நீள்வதுதான் சன்னதித் தெரு. ஒரு காலத்தில் முழுக்க அக்ரகாரமாக இருந்த தெரு. இன்று கடைகளும் மாடிக் கட்டடங்களும் கலந்து நிற்கின்றன. ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக இருக்கும் ராமானுஜன் வீட்டை அவற்றின் நடுவே கவனிக்காமல் கடந்துவிடுவது எளிது. பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

வீட்டின் உள்ளே

காவிரிக்கரை அக்ரகார வீடுகளின் பொது அமைப்பே இதற்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவை ஒட்டித் திண்ணை, பிறகு குறுகிய ரேழி, தெருப்பக்கம் சன்னல் வைத்த ஒரு சிறிய அறை, கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லையும் கிணறும். வாசலில் நின்றால் கொல்லை வரை பார்வை ஓடும். நிதானமாக நடந்தாலும் முழு வீட்டையும் பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. பெரிய அருங்காட்சியகத்தை எதிர்பார்த்து வருபவர்கள், "இவ்வளவுதானா?" என்று கேட்பதுண்டு. இவ்வளவுதான். அந்த அளவுதான் இங்கே செய்தி.

சன்னலுள்ள சிறிய அறையில் ஒரு கட்டில் போடப்பட்டிருக்கிறது. கூடத்தில் ராமானுஜனின் மார்பளவுச் சிலை. அடுக்களையில் பழைய பாத்திரங்கள். ராமானுஜன் மூன்று வயது வரை பேசவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வீட்டிலிருந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து வந்து ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்குவது அந்தக் குழந்தையின் விளையாட்டாம். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழும். எல்லா வீட்டுக் குழந்தைகளும் செய்வதுதான். பின்னால் மேதையானதால் நாம் அதில் எண்வரிசையைத் தேடுகிறோம். என்றாலும் அந்த அடுக்களை வாசலில் நிற்கும்போது இந்தச் செய்தி நினைவுக்கு வராமல் போகாது.

வீட்டில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. மாதம் சுமார் 20 ரூபாய் சம்பளம். அம்மா அருகிலிருந்த கோயிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார். அதுவும் போதாமல், கல்லூரியில் படிக்க வெளியூரிலிருந்து வந்த மாணவர்களுக்கு வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். ராமானுஜனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. 1889 இறுதியில் ராமானுஜனுக்கே பெரியம்மை கண்டது. பிழைத்தார், தழும்புகள் நிலைத்தன. தம்பி லட்சுமிநரசிம்மன் பிறந்தது 1898 இல். அதாவது பத்து வயது வரை இந்த வீட்டில் அவர் ஒற்றைப் பிள்ளை. குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தம் கணக்குகளுக்கு நாமகிரித் தாயாரின் அருளே காரணம் என்று பிற்காலத்தில் ராமானுஜன் சொன்னது, இந்த வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் பெற்ற நம்பிக்கை.

குடியிருந்த கல்லூரி மாணவர்கள் வீட்டுக்குச் சில ரூபாய்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த புத்தகங்கள் அதைவிடப் பெரிய வரவு. ராமானுஜன் பதினோரு வயதில் அவர்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினார். சில மாதங்களில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. லோனி எழுதிய முக்கோணவியல் நூல் இப்படி இரவலாகக் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதில் அதை முழுமையாகக் கரைத்துக் குடித்திருந்தார். வறுமை காரணமாகக் குடிவைத்த மாணவர்கள் இல்லாவிட்டால் அந்த வயதில் அந்தப் புத்தகம் அந்தத் தெருவுக்குள் வந்திருக்குமா என்பது ஐயமே.

கூரையில் செருகிய தாள்கள்

இந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கூரையைப் பார்க்க மறக்க வேண்டாம். ராமானுஜன் மறைந்தபின் அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. பள்ளி மாணவராக இருந்தபோது சைன், கொசைன் ஆகியவற்றைச் செங்கோண முக்கோணம் இல்லாமலே வேறு விதமாகப் பெறலாம் என்று தாமாகக் கண்டுபிடித்தார். தாள்களில் எழுதியும் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஆய்லர் அதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று. வெட்கப்பட்ட ராமானுஜன் அந்தத் தாள்களை யாருக்கும் தெரியாமல் வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்த எனக்கு இந்த நிகழ்ச்சி அவருடைய மற்றப் பெருமைகளைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு சிறுவன் ஆய்லர் கண்ட உண்மையை உதவியின்றி அடைந்திருக்கிறான். பாராட்டிக் கொண்டாட வேண்டிய செய்தி. "நீ கண்டது சரி, இது ஏற்கெனவே தெரிந்தது, ஆனால் நீ தானாகவே இந்த இடத்துக்கு வந்திருக்கிறாய், இதற்கு மேலே போ" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லை. அதனால் அவனுக்கு அது அவமானமாகிவிட்டது. தனியாகக் கற்பதன் நஷ்டம் இது. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்த பேராசிரியர் ஹார்டியும் இதை எண்ணி வருந்தினார். ஐரோப்பாவில் ஏற்கெனவே முடிந்துபோன வேலையைத் திரும்பச் செய்வதில் ராமானுஜனின் சிறந்த ஆண்டுகள் பல கழிந்தன என்பது அவர் கருத்து.

திண்ணையும் சிலேட்டும்

ராமானுஜன் தம் கணக்கைப் பெரும்பாலும் திண்ணையில்தான் போட்டார். காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு பலப்பத்தால் வேகமாக எழுதிக்கொண்டே இருப்பார் என்று பார்த்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தெருவில் மாடும் வண்டியும் போகும், கோயிலுக்குப் போகிறவர்கள் போவார்கள், பிள்ளைகள் கத்தும். அவருக்கு அது கேட்காது. படிக்கத் தனியறை வேண்டும், அமைதி வேண்டும் என்று சொல்லும் நம் காலத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் இந்தத் திண்ணையைப் பார்ப்பது நல்லது. அதற்காக இரைச்சலில் படிப்பதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அவருக்கு வேறு இடம் இல்லை என்பதே உண்மை.

சிலேட்டுக்கு வருவோம். அந்நாளில் தாள் விலை அதிகம். மாதம் நான்கு ரீம் தாள் தேவைப்படும் அளவுக்குக் கணக்குப் போடுகிறவர், சாப்பாட்டுக்கே சிரமப்படும் குடும்பத்தில் அதை எங்கே வாங்குவது? ஆகவே வழிமுறை முழுவதும் சிலேட்டில் நடக்கும். துணி தேடி எடுத்துத் துடைக்கும் பொறுமைகூட இல்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். விடை சரி என்று தோன்றியபின் அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவார். சில சமயம் ஏற்கெனவே எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதுவதும் உண்டு.

இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1903 இல் நண்பர் ஒருவர் மூலம் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவருக்குக் கிடைத்தது. தேர்வுக்குத் தயார்செய்யும் மாணவர்களுக்காகச் சுமார் 5,000 முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம் அது. நிரூபணங்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் இல்லவே இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு 'நோட்ஸ்' புத்தகம். ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்ப்பதுதான் ராமானுஜனுக்கு வழியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், கணக்கை எழுதுவது என்றால் முடிவை எழுதுவதுதான் என்ற முறை அவருக்குள் ஊறிவிட்டது. தாள் பஞ்சமும் இந்தப் புத்தகமும் சேர்ந்தே குறிப்பேடுகளுக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தன. நிரூபணம் அவருக்குத் தெரியாது, எல்லாம் கனவில் வந்தது என்று சொல்லிவிடுவது அந்தச் சிலேட்டுக்குச் செய்யும் அநியாயம். முழங்கையால் அழிக்கப்பட்ட கணக்குகள்தான் அவருடைய வழிமுறைகள். அவை நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

திண்ணையில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள் கையோடு ஒரு சிலேட்டைக் கொண்டுபோகலாம். கீழே வரும் கணக்குக்கு எட்டாம் வகுப்பு அறிவு போதும்.

1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் செல்லும் வர்க்கமூலம்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கும் மேலாக ஒருவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையைக் கொடுத்தார். விடை 3.

எப்படி? எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் அந்த எண்ணின் வர்க்கம் வரும். 3 க்கு 2 × 4 + 1 = 9. 4 க்கு 3 × 5 + 1 = 16. 5 க்கு 4 × 6 + 1 = 25. இப்போது இப்படி எழுதலாம்:

3 = √(1 + 2 × 4)

இதிலுள்ள 4 ஐ எடுத்துவிட்டு √(1 + 3 × 5) என்று போடுங்கள்:

3 = √(1 + 2√(1 + 3 × 5))

இதிலுள்ள 5 க்குப் பதில் √(1 + 4 × 6). அதிலுள்ள 6 க்குப் பதில் √(1 + 5 × 7). இப்படியே உள்ளே உள்ளே போகலாம். ஒவ்வொரு படியிலும் சிலேட்டில் எழுதி அழித்தால் கடைசியில் மிஞ்சுவது கேள்வியும் 3 என்ற விடையும்தான். குறிப்பேட்டில் ஏறுவதும் அவ்வளவே.

கூர்மையான மாணவன் ஒருவன் இங்கே கை தூக்க வேண்டும்: "ஐயா, எத்தனை படி போனாலும் உள்ளே ஒரு எண் மிச்சம் இருக்கிறதே, முடிவில்லாமல் போகும்போது அதை விட்டுவிடலாம் என்பது எப்படிச் சரி?" நல்ல கேள்வி. ராமானுஜன் கொடுத்த விடையில் அந்த இடம் நிரப்பப்படவில்லை. இத்தகைய தொடர் வர்க்கமூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும் என்பதற்கான நிபந்தனையைத் தமிழரான கணித அறிஞர் டி. விஜயராகவன் கொடுத்தார், 1927 இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் அது உள்ளது. முடிவைக் காண்பது ஒரு வேலை, நிறுவுவது இன்னொரு வேலை என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பள்ளியும் கல்லூரியும்

வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் டவுன் ஹைஸ்கூல் இருக்கிறது. 1864 இல் தொடங்கப்பட்ட பள்ளி. அதற்கு முன் ராமானுஜன் காங்கேயன் தொடக்கப்பள்ளியில் படித்தார். 1897 இல் தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். ஆனால் கணக்கில் அவர் 45 க்கு 42, வகுப்புத் தோழர் ஒருவர் 43. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத் தோழருடன் பேச்சை நிறுத்திக்கொண்டாராம்.

1898 முதல் ஆறு ஆண்டுகள் டவுன் ஹைஸ்கூல். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலுமா என்று எழுந்து கேட்ட பையன் இவன்தான் என்பார்கள். சுமார் 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வைத்துக்கொண்டு கால அட்டவணை போடும் வேலையில் கணித ஆசிரியருக்கு உதவியும் இருக்கிறார். கால அட்டவணை போட்டுத் தவித்த எந்த ஆசிரியரும் இதைப் படித்துப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது. 1904 இல் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் குறைவுதான் என்று மேடையில் சொன்னார்.

அடுத்தது காவிரியின் அக்கரையிலுள்ள அரசுக் கல்லூரி. 1854 இல் தோன்றிய இதைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அந்நாளில் சொல்வார்கள். உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கார் புத்தகம் கைக்கு வந்தபின் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. கல்லூரிச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். அம்மா முதல்வரை நேரில் பார்த்துக் கெஞ்சினார். முதல்வர் மரியாதையாகப் பேசினார், விதியை மாற்றவில்லை. 1905 ஆகஸ்டில் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். வீட்டார் தேடி அலைந்தார்கள். திரும்பி வந்து 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை, 1907 இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை.

ராமானுஜன் கணக்கில் தோற்றவர் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். தோற்ற மாணவர்களுக்கு ஆறுதல் சொல்ல அது வசதியாக இருக்கிறது. கணக்கில் அவர் ஒருநாளும் தோற்கவில்லை. ஆங்கிலம், உடலியல் போன்ற மற்றப் பாடங்களில் தோற்றார். அந்தக் கல்லூரிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எளிது. எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது அன்றைய பல்கலைக்கழக விதி. ஒரு முதல்வர் தனியாக அதை மீற முடியாது. ஆனால் ஒரு பாடத்தில் மட்டும் எல்லாரையும் தாண்டி நிற்கும் மாணவனுக்கு அந்த அமைப்பில் ஒரு வாசலும் இல்லை என்பதும் உண்மை. விதி சரியாகப் பின்பற்றப்பட்டது. ராமானுஜன் தெருவில் நின்றார்.

தெருவில் என்றால் இந்தத் தெருவில்தான். இந்த வீட்டின் வரலாற்றில் மிக முக்கியமான காலம் இனிமேல்தான் வருகிறது. 1907 இறுதியிலிருந்து ஏறக்குறைய 1909 வரை, பட்டமில்லை, வேலையில்லை, வருமானமில்லை. சில ரூபாய்க்கு ட்யூஷன் சொல்லிக் கொடுக்கப் போனார். பாடத்தைவிட்டு முடிவிலி, சிற்றெண் என்று எங்கோ போய்விடுவதால் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அது பயன்படவில்லை. ட்யூஷன் நிலைக்கவில்லை. பெற்றோர் கவலைப்பட்டார்கள், தெருவில் நான்குபேர் நான்கு விதமாகப் பேசியிருப்பார்கள். ஆனால் திண்ணையும் சிலேட்டும் இருந்தன, இரண்டு வேளைச் சோறு இருந்தது. குறிப்பேடுகளின் பக்கங்கள் நிறைந்துகொண்டே போயின. வெளியுலகக் கணக்கில் வீணான அந்த ஆண்டுகளில்தான், பின்னால் உலகம் ஒரு நூற்றாண்டாகப் படித்துக்கொண்டிருக்கும் வேலையில் கணிசமான பகுதி நடந்தது.

1909 ஜூலையில் அம்மா ஏற்பாடு செய்த திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு அப்போது பத்து வயது. அதன்பின் வேலை தேடி வெளியே வந்தார். 1910 இல் திருக்கோவிலூரில், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய ராமசாமி ஐயரைச் சந்தித்துக் குறிப்பேடுகளைக் காட்டினார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை, 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச் 17 அன்று கப்பல், 1918 இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919 இல் நோயாளியாக நாடு திரும்பினார். சில மாதங்கள் கும்பகோணத்திலும் இருந்து சிகிச்சை பெற்றார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

நினைவில்லமானது

அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்குமேல் இந்த வீடு மற்ற வீடுகளைப்போல ஒரு சாதாரண வீடாகவே இருந்தது. 2003 இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இதை விலைக்கு வாங்கிப் பழைய அமைப்பு மாறாமல் சீர்செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடித்துவிட்டுப் பளிங்கு மண்டபம் கட்டாமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நம் ஊரில் நினைவிடம் என்றாலே மண்டபம் என்று ஆகிவிட்டது.

இந்தப் பல்கலைக்கழகம் 2005 முதல் கணிதத்துக்கு ஆண்டுதோறும் ராமானுஜன் பரிசு வழங்குகிறது. 32 வயதைத் தாண்டாதவர்களுக்கே இந்தப் பரிசு. காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் ஆண்டில் மஞ்சுள் பார்கவாவும் கண்ணன் சௌந்தரராஜனும் பெற்றார்கள். பின்னர் பெற்றவர்களில் டெரன்ஸ் டாவ், அக்ஷய் வெங்கடேஷ், பீட்டர் ஷோல்ட்சே, ஜேம்ஸ் மேனார்ட், மரீனா வியாசோவ்ஸ்கா ஆகியோர் உண்டு. கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் இவர்கள் பெற்றிருக்கிறார்கள். ராமானுஜன் பிறந்தநாளை ஒட்டிக் கும்பகோணத்தில் கருத்தரங்கு நடக்கும். வரும் அறிஞர்கள் இந்த வீட்டையும் பார்க்க வருவார்கள். அதே டிசம்பர் 22 தான் 2012 முதல் தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கே இல்லாதவை

குறிப்பேடுகளின் மூலப் பிரதிகள் இந்த வீட்டில் இல்லை. அவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. 1957 இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றின் ஒளிநகலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றிலுள்ள 3,000க்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு ஒவ்வொன்றாக நிரூபணம் தேடித் தொகுக்கும் வேலையை அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் மேற்கொண்டார். ஐந்து தொகுதிகள், 1985 இலிருந்து 1998 வரை. திண்ணையில் முழங்கையால் அழித்ததைத் திரும்பக் கட்டி எழுப்ப அத்தனை ஆண்டுகள் பிடித்தன. கடைசி ஆண்டில் நோய்ப்படுக்கையில் எழுதிய தாள்கள் வேறு. அவை 1976 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

ஜானகியம்மாளைப் பற்றி அறிய விரும்புபவர்களுக்கும் இந்த வீடு அதிகம் சொல்லாது. கணவர் இறந்தபோது அவருக்கு வயது 21. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். கணவருக்கு ஒரு சிலைகூட இல்லையே என்று முதுமையில் அவர் வருந்தியதை அறிந்த வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து, சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்வித்து அனுப்பினார்கள். 1994 இல் அவர் காலமானார்.

செல்பவர்களுக்கு

பெரிய குழுவாகச் சென்றால் ஒரே நேரத்தில் எல்லாரும் உள்ளே நுழைய வேண்டாம், ரேழி குறுகலானது. பத்துப் பத்துப் பேராக அனுப்பிவிட்டு, மற்றவர்களை வெளியே நிறுத்திக் கோபுரத்தைக் காட்டலாம். கும்பகோணத்துக்கு வருவோர் பலர் நவக்கிரகக் கோயில்களுக்காகப் பறக்கும் வேகத்தில் வருவார்கள். சாரங்கபாணியைச் சேவித்துவிட்டு வெளியே வரும்போது கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். நேரம் உள்ளவர்கள் வீடு, டவுன் ஹைஸ்கூல், காவிரிக்கு அப்பால் அரசுக் கல்லூரி என்ற வரிசையில் நடந்தே போகலாம். ராமானுஜன் தினமும் நடந்த பாதை அதுதான். அந்நாளில் ஆற்றை ஓடத்தில் கடக்க வேண்டும், கோடையில் மணலில் இறங்கி நடந்துவிடலாம். சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் கும்பகோணம் வளாகத்துக்கும் ராமானுஜன் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் புறப்படும் முன் மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கை வகுப்பில் கேள்வியாக மட்டும் கொடுத்து வைக்கலாம். விடையைத் திண்ணையில் சொல்லிக்கொள்ளலாம்.